காலைத் தொட்டு எண்ணும் அக்கா

முதல் நாளே எனக்கு அந்த அக்காவைப் பிடிக்காமல் போயிற்று. காய்ச்சல் என்று வந்த ஒரு பெரியம்மாவை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, அவர் கீழே ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். உள்ளங்கைகளைப் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கிக்கொண்டார். பிறகு அந்த அம்மாவின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து, பாதத்தின் மேல் மூன்று விரல்களை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

செங்கம் ரோட்டில் ஒரு மாடியில் இருந்த சின்ன கிளினிக் அது. ஒரு டாக்டர், நர்ஸாக அந்த அக்கா, டோக்கன் கொடுக்க நான். நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. திருவண்ணாமலையில் பிறந்து வளர்ந்தவள் நான். காலில் விழுகிறவர்களையும் விழவைக்கிறவர்களையும் போதும் போதும் என்கிற அளவுக்குப் பார்த்திருக்கிறேன். ஆஸ்பத்திரியிலுமா இந்தப் பணிவு வேஷம் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அந்தப் பெரியம்மாவும் அப்படித்தான் நினைத்துவிட்டார் போலிருக்கிறது. அக்காவின் தலையில் கையை வைத்து, "நல்லா இரும்மா, தீர்க்காயுசா இரு" என்றார்.

அக்கா கண்ணைத் திறக்கவில்லை. "பேசாதீங்கம்மா, எண்ணிக்கிட்டு இருக்கேன்" என்றார்.

அவர் தேடிக்கொண்டிருந்தது காலில் ஓடும் நாடியை. நாடி என்றால் மணிக்கட்டில் பார்ப்பது என்றுதான் எனக்குத் தெரியும். கட்டைவிரலுக்கு மேலே, பாதத்தின் முதுகில் ஒன்று துடிக்கும், கணுக்காலின் உள்பக்கம் எலும்புக்குப் பின்னால் இன்னொன்று துடிக்கும் என்பதெல்லாம் அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். காய்ச்சலோ, தலைவலியோ, நாற்பது வயதைத் தாண்டியவர்கள் யார் வந்தாலும் அக்கா முதலில் காலைத்தான் பார்ப்பார். அப்புறம்தான் பி.பி., சர்க்கரை, எடை எல்லாம்.

அவர் எங்களோடு இருந்த நான்கு வருஷத்தில் எத்தனை பேர் அவர் தலையில் கைவைத்து ஆசீர்வாதம் செய்திருப்பார்கள் என்று கணக்கே இல்லை. ஒரு தடவைகூட அவர், "நான் ஆசீர்வாதத்துக்குக் குனியலைங்க" என்று திருத்தியதில்லை. "வர்றதை எதுக்கு வேணாங்கணும்?" என்பார். அவர் பெயரை இங்கே எழுதமாட்டேன். எழுதினது தெரிந்தால், "உனக்கு வேற வேலையே இல்லியா?" என்று ஒரு முறை முறைப்பார். அதற்கு நான் இன்னமும் பயப்படுகிறேன்.

"ஏங்க்கா எடுத்ததும் காலுக்குப் போறீங்க?" என்று ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் கேட்டுவிட்டேன்.

அக்கா அப்போது தன் கால்கள் இரண்டையும் ஒரு மருந்து அட்டைப்பெட்டியின் மேல் தூக்கிவைத்துக்கொண்டு தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மத்தியானம் தவறாமல் அப்படித்தான் உட்காருவார். நாளெல்லாம் நின்று நின்று அவருடைய கெண்டைக்காலில் பச்சை நரம்புகள் சுருண்டு புடைத்திருந்தன.

"எங்க ஊரு எங்க இருக்குன்னு தெரியுமா உனக்கு? கீழ்பென்னாத்தூர்லருந்து உள்ள போகணும். எங்க ஊருக்கு அப்புறம் ரோடே கிடையாது. மெயின் ரோட்டுல பஸ்ஸு பறக்குது, ஸ்டாண்டு ஜேஜேன்னு இருக்குதுன்னு டவுன்ல இருக்கறவங்க சந்தோஷமா இருப்பாங்க. கடைசி ஊருக்கு பஸ்ஸு வந்துச்சான்னு நாங்கதான் பாக்கணும். இதயம் ஸ்டாண்டு மாதிரி. அங்க எப்பவும் சத்தமாத்தான் இருக்கும். பாதம்தான் கடைசி ஊரு."

அன்றைக்கு அக்கா நிறையப் பேசினார். இதயம் என்பது மூடின கை அளவுக்கு ஒரு சதை, அது ரத்தத்தை அமுக்கி அமுக்கி விடுகிறது. உடம்பில் இருக்கிற ரத்தம் முழுவதும் ஏறக்குறைய ஒரே நிமிஷத்தில் ஒரு சுற்று போய்விட்டு வந்துவிடும் என்றார். நான் ஒரு டோக்கன் எழுதிக் கொடுத்து, சில்லறை இல்லை என்று சண்டை போட்டு முடிப்பதற்குள் எனக்குள் ஒரு முழுச் சுற்று முடிந்துவிடுகிறது! சாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நான் கேட்காமலே, நான் கவனிக்காமலே, பிறந்த நாளிலிருந்து இது நடந்துகொண்டிருக்கிறதா?

"அப்போ கிரிவலம் மாதிரின்னு சொல்லுங்க" என்றேன், பெரிதாகக் கண்டுபிடித்துவிட்டவள்போல.

"கிரிவலத்துல நடுவுல உக்காந்து டீ குடிக்கலாம். ரத்தம் எங்கயும் உக்காரக் கூடாது. உக்காந்தா கட்டியாயிடும்."

அடுத்த மாதமே அதை நேரில் பார்த்தேன். ரமணாசிரமத்துப் பக்கம் வாடகை அறையில் தங்கியிருந்த ஒரு வெளிநாட்டுப் பெண்மணி நொண்டிக்கொண்டு வந்தார். முழுசாக ஒரு நாள் விமானத்தில் உட்கார்ந்து வந்து இறங்கியவர், மறுநாளிலிருந்தே தியானம் என்று சம்மணம் போட்டு மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிறார். இடது கால் மட்டும் கெண்டைக்கால் வரைக்கும் வீங்கிச் சிவந்து சூடாக இருந்தது. சுளுக்கு என்று நினைத்து, கூட வந்த தோழி மூலிகை எண்ணெய் பாட்டிலைத் திறந்துவைத்துக்கொண்டு, வரிசையில் காத்திருந்த நேரத்தில் தேய்த்துவிட ஆரம்பித்திருந்தார்.

அக்கா உள்ளேயிருந்து பார்த்துவிட்டார். "தேய்க்காதீங்க!" என்று ஒரு கத்து கத்தினார். அந்தச் சத்தத்தில் எண்ணெய் பாட்டில் கீழே விழுந்து உருண்டது. அக்கா கத்தி நான் கேட்டது அந்த ஒரே தடவைதான். அந்தப் பெண்மணிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அசையாமல் உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு காலும் வீங்கினா அது வேற கத. ஒத்தக் கால் மட்டும் இப்படி வீங்கினா உள்ள ரத்தம் கட்டியிருக்கலாம். தேய்ச்சா அது ஒடஞ்சு நுரையீரலுக்குப் போயிடும்" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே டாக்டரைக் கூப்பிட ஓடினார். ஸ்கேனில் கட்டி இருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அந்தப் பெண்மணி இரண்டு மாதம் கழித்து நன்றாக நடந்து வந்து அக்காவைக் கட்டிக்கொண்டார். அக்காவுக்குக் கூச்சத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்தப் பெண்மணியின் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இன்னொரு தடவை ஜவுளிக்கடைக்குப் புடவை எடுக்கப் போனோம். அக்கா புடவையை எங்கே பார்த்தார்! எடுத்துப் போட்ட பெண்ணின் கணுக்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் நின்றுகொண்டே இருக்கிற வேலை அது. "கீழ போற ரத்தம் சுலபமா போயிடும்மா. மேல ஏறி வர்றதுதான் கஷ்டம். கெண்டைக்கால் சதைதான் அதப் புழிஞ்சு மேல தள்ளணும். நீ அசையாம நின்னா யாரு தள்றது?" என்று சொல்லி, குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கச் சொன்னார். அடுத்த முறை நான் போனபோது அந்த வரிசையில் இருந்த ஐந்து பெண்களும் புடவையை விரித்துக் காட்டிக்கொண்டே உயர்ந்து உயர்ந்து இறங்கினார்கள். என்னோடு வந்த அம்மா மிரண்டுபோய், "என்னாடி இதுங்க எல்லாம் ஆடுதுங்க?" என்று கேட்டாள்.

இவ்வளவையும் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். என் வீட்டில் நடந்தது மட்டும் என் கண்ணில் படவில்லை.

அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை உண்டு. பீடியும் உண்டு, பஸ்ஸில் பிடிக்க முடியாததையெல்லாம் ஓய்வுக்குப் பிறகு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார். நூற்றெட்டு பௌர்ணமி கிரிவலம் வருவதாக வேண்டுதல். வெறுங்காலோடு பதினாலு கிலோமீட்டர், விடிகாலையில் கிளம்பிவிடுவார். ஆரம்பத்தில் அவரோடு யாராலும் கூடவே நடக்க முடியாது. கடைசி ஒன்றிரண்டு வருஷமாக நிதானமாகிவிட்டார். ஒவ்வொரு லிங்கத்துக்கு முன்னாலும் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிஷம் இருந்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

"முன்னல்லாம் ஓட்டமா ஓடுவாரு. இப்பத்தான் பக்தி முத்தியிருக்கு" என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாள். நான் மட்டும் என்ன? அவர் எமலிங்கத்துக்கு முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பதைப் படமெடுத்து என் ஸ்டேட்டஸில் வைத்தேன். ஐம்பது பேர் கும்பிடும் கையைப் போட்டிருந்தார்கள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நூற்றேழு முடிந்து, இன்னும் ஒரே ஒரு பௌர்ணமி பாக்கி இருந்தது.

அப்பா தினமும் மத்தியானம் எனக்குச் சாப்பாடு கொண்டுவருவார். ஒரு நாள் அக்கா ஜன்னலோரம் நின்றபடி, "உங்கப்பா தெனமும் மூலையில நின்னு அந்த போஸ்டரையே படிக்கறாரே, அதுல என்ன போட்டிருக்கு?" என்று கேட்டார்.

கீழே போய்ப் பார்த்தேன். யாரோ ஒருவருக்குக் கண்ணீர் அஞ்சலி. மழையில் பாதி கிழிந்து, முகம்கூடத் தெரியவில்லை. ஒட்டி ஆறு மாதமாவது ஆகியிருக்கும்.

மறுநாள் அப்பா படியேறி வந்ததும் அக்கா அவரை விடவில்லை. முக்காலியைப் போட்டு, கையைத் தேய்த்து, காலை மடியில் எடுத்துவைத்தார். அப்பாவும் எல்லாரையும் போலத்தான். மகளோடு வேலை செய்கிற பெண் இவ்வளவு மரியாதை தெரிந்தவளாக இருக்கிறாளே என்று பூரித்துப்போய், "நல்லா இரும்மா" என்று தலையில் கைவைத்தார்.

அக்கா வலது காலை முடித்தார். இடது காலுக்கு வந்தார். பாதத்தின் மேல் தேடினார். கணுக்காலுக்குப் பின்னால் தேடினார். மறுபடி பாதத்துக்கு வந்தார். விரலை அழுத்தினார், லேசாக்கினார், அரை விரற்கடை தள்ளிவைத்தார். நாடி இல்லை என்று சட்டென்று சொல்லிவிடுகிறவர் இல்லை அவர். 'இருக்கு'ன்னு சொல்ல பத்து எண்ணினா போதும், 'இல்ல'ன்னு சொல்லணும்னா பொறுமையா தேடியிருக்கணும் என்பார். சுவர்க்கடிகாரத்தில் வினாடி முள் இரண்டு சுற்று சுற்றியதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பிறகு அவர் குதிகாலைத் திருப்பினார். வெடிப்புக்குள் ஒரு சின்னக் கருங்கல் ஜல்லி புதைந்திருந்தது. சுற்றிலும் தோல் கறுத்திருந்தது.

"இது எப்பலருந்துப்பா இருக்கு?"

"எது?" என்றார் அப்பா. சர்க்கரையில் பாதம் மரத்துப்போயிருந்ததால் அவருக்கு அது இருப்பதே தெரியவில்லை.

அக்கா நிதானமாகக் கேட்டார். "கிரிவலம் போறப்ப எங்கெங்க உக்காருவீங்க?"

அப்பா பெருமையோடு ஆரம்பித்தார். இந்திர லிங்கம், அக்னி லிங்கம், எமலிங்கம், நிருதி லிங்கம் என்று எட்டையும் சொன்னார்.

"சரி. எமலிங்கத்துக்கும் நிருதி லிங்கத்துக்கும் நடுவுல?"

"அங்க ஒரு டீக்கட பெஞ்சு இருக்கு."

"அதுக்கு அப்புறம்?"

"ஒரு காம்பவுண்டு செவுரு... அப்புறம் ஒரு கரண்ட்டு கம்பம்."

"பெஞ்சுல எந்த லிங்கம்ப்பா இருக்கு? கம்பத்துல எந்த லிங்கம்?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: "கெண்டைக்கால் புடிச்சுக்குதும்மா. கவ்வற மாதிரி வலி. கொஞ்சம் நின்னா விட்டுடுது. நடந்தா மறுபடியும் புடிக்குது. சொன்னா கிரிவலம் போக வேணாம்னுடுவீங்க. இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி."

டாக்டர் கை பி.பி.யையும் கணுக்கால் பி.பி.யையும் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவே பெரிய வித்தியாசம். தொடையில் இருக்கிற ரத்தக்குழாய் உள்ளே கொழுப்பு படிந்து குறுகிப்போயிருக்கிறது, பீடியும் சர்க்கரையும் செய்த வேலை, இதே மாதிரிக் குழாய்கள்தான் இதயத்துக்கும் மூளைக்கும் போகின்றன, அங்கேயும் படிந்திருக்கலாம் என்றார். குதிகால் புண் ஆறுகிறவரை கிரிவலம் கூடாது, அதற்குப் பிறகும் வெறுங்காலோடு கூடாது. ரத்தம் சரியாகப் போகாத காலில் புண் வந்தால் ஆறாது, காலையே எடுக்கும்படி ஆகிவிடும் என்றும் சொன்னார்.

நான் கழுவுகிற இடத்தில் போய் நின்று அழுதேன். எத்தனை பேர் காலை அக்கா பார்ப்பதைப் பார்த்தேன், அப்பா காலை ஒரு நாள் பார்த்தேனா? அக்கா பின்னால் வந்து நின்றார்.

"நீ பாக்கலன்னு அழற. நான் பாக்காமலே எழுதினவ" என்றார். "படிச்சு முடிச்சு முதல் வேல. வேற ஊரு. ஒரே கூட்டம். சீட்டுல கால் நாடின்னு ஒரு கட்டம் இருக்கும். எல்லாரும் 'இருக்கு'ன்னு எழுதுவாங்க. நானும் ஒருத்தருக்குத் தொட்டே பாக்காம 'இருக்கு'ன்னு எழுதிட்டேன். அவருக்கு முட்டிக்குக் கீழ காலே போயிடுச்சு." குழாயைத் திறந்து கையைக் கழுவிக்கொண்டு, அடுத்த டோக்கனைக் கூப்பிடச் சொன்னார்.

அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. "செருப்பு போட்டுக்கிட்டு சுத்தினா அதுக்குப் பேரு கிரிவலமா?" என்று அம்மாவிடம் மட்டும் கத்தினார். அக்கா சாமி விஷயத்தில் அவரோடு வாதமே செய்யவில்லை. கட்டு மாற்ற வந்தபோது பஸ் விஷயம்தான் பேசினார்.

"அப்போ என் கால்ல டிரிப் கட்டுன்ற, கடைசி ஊருக்கு பஸ்ஸே வரலன்ற" என்றார் அப்பா.

"ஆமாப்பா. மெயின் ரோடு அடைச்சுக்கிச்சு. ஆனா பௌர்ணமிக்கு ரோட்ட அடைச்சா என்னா பண்ணுவீங்க? வண்டிய ஊருக்குள்ள சின்ன ரோட்டுல திருப்பி விடுவீங்கல்ல? கால்லயும் அப்படி சின்னச் சின்ன குழாய் இருக்கு. நடந்தாத்தான் அது பெருசாவும். வலி வர்ற வரைக்கும் நடக்கணும். வந்தா நிக்கணும். விட்டதும் மறுபடி நடக்கணும். தெனமும். பீடி புடிச்சா அந்த சின்ன ரோடும் அடைச்சிடும்."

"நடுரோட்டுல நின்னுக்கிட்டு இருந்தா பாக்கறவங்க என்ன நெனப்பாங்க?"

"நிக்கறதுக்கு எதுக்குப்பா வெக்கம்? போஸ்டர் படிக்கற மாதிரி நடிக்காம நில்லுங்க, போதும்."

முப்பது வருஷம் பஸ்ஸில் இருந்தவருக்கு அது புரிந்துவிட்டது. பீடியை விட்டார், இரண்டு தடவை திருட்டுத்தனமாகப் பிடித்து அம்மாவிடம் மாட்டிக்கொண்டு, மறுபடி விட்டார். மாத்திரைகளை வேளை தவறாமல் போட்டார். சர்க்கரை நோயாளிகளுக்கென்று தைக்கிற மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு ஒன்று வாங்கினோம். புண் ஆறியதும் தினமும் காலையில் மாட வீதியில் நடந்தார். வலி வந்தால் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு தெரு நடுவிலேயே நிற்பார். யாராவது கேட்டால், "ரத்தம் வருது, வெயிட் பண்றேன்" என்பார். கேட்டவர் பதறிப்போய்க் காலைப் பார்ப்பார்.

ஆறு மாதம் கழித்து ஒரு பௌர்ணமி விடிகாலையில் நானும் அப்பாவும் கிளம்பினோம். நூற்றெட்டாவது சுற்று. சுற்றிலும் வெறுங்கால்கள், நடுவில் அப்பாவின் செருப்பு. எந்தக் கோயிலுக்குள்ளும் போகவில்லை. வெளியிலேயே நின்று கும்பிட்டார். அடி அண்ணாமலை தாண்டியதும் ஒருவர், "பெரியவரே, செருப்போடயா சுத்தறீங்க?" என்று கேட்டே விட்டார். அப்பா நிற்காமல், "பாஸ் வாங்கிட்டுத்தான் தம்பி வரேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார். அவர் குரல் நடுங்கியதை நான் மட்டும்தான் கேட்டேன்.

மறுநாள் காலையில் கிளினிக் திறந்ததும் முதல் டோக்கன் அப்பாவுக்கு. அக்கா முக்காலியைப் போட்டார்.

"எத்தன எடத்துல நின்னீங்க?"

"பதினொண்ணு."

"லிங்கம் எத்தன, வலி எத்தன?"

"லிங்கம் எட்டு. வலி மூணு."

அக்கா சிரித்தார். குதிகாலைத் திருப்பிப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை. கையைத் தேய்த்துக்கொண்டு இடது பாதத்தில் விரலை வைத்துக் கண்ணை மூடினார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். முள் ஒரு சுற்று சுற்றியது. இரண்டாவது சுற்றும் முடிந்தது.

"நாடி இல்லப்பா" என்றார் அக்கா. அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. அக்கா விரல்களை எடுத்துவிட்டு, இரண்டு உள்ளங்கைகளாலும் அந்தப் பாதத்தை முழுசாக மூடிப் பிடித்துக்கொண்டார். "மெயின் ரோடு அடைச்சது அடைச்சதுதான். ஆனா கால் சூடா இருக்கு, பாருங்க. ஊருக்கு பஸ்ஸு வந்துக்கிட்டுத்தான் இருக்கு."

அப்பாவின் கை மெல்ல உயர்ந்தது. வழக்கம்போல ஆசீர்வாதம் செய்யப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அந்தக் கை அக்காவின் தலைக்கு மேலே வந்து, தொடாமல் நின்றது. பிறகு திரும்பி வந்து இன்னொரு கையோடு சேர்ந்துகொண்டது. என் அப்பா, கோயில் வாசலைத் தவிர வேறெங்கும் கைகூப்பி நான் பார்த்திராதவர், தன்னைவிட இருபது வயது இளைய அந்த அக்காவைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

அக்கா நிமிர்ந்து பார்த்தார். பிறகு பாதத்தைப் பத்திரமாகத் தரையில் இறக்கிவைத்துவிட்டு எழுந்து, கூப்பியிருந்த கையை மெல்லப் பிரித்தார்.

"கையக் குடுங்கப்பா, பி.பி. பாக்கணும்" என்றார்.